திரை இருண்டது ஏன்?

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேற்றிரவு புதிய திருத்தங்களை ஏற்றிவிட்டு அணைத்தீர்கள். இன்று காலை பொத்தானை அழுத்தினால் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது. திரை மட்டும் கரியாக இருக்கிறது. கணிப்பொறியே போய்விட்டதோ என்று அஞ்சுகிறீர்கள். அஞ்ச வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். வெள்ளை எழுத்துகளில் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறதா? அப்படியானால் கணிப்பொறி நலமே. படம் வரையும் சில்லுக்கும் அதற்கும் இடையே பேச்சு முறிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது? படம் வரையும் சில்லினுள் எண்களை ஏற்கும் சிறு அறைகள் ஏராளமாக உண்டு. இவற்றைப் பதிவகங்கள் என்பர். எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை இட்டால் என்ன நிகழும் என்பதைச் சில்லைச் செய்த நிறுவனம் ஒரு கைநூலில் எழுதி வைத்திருக்கும். அதைப் படித்து எழுதப்படும் நிரலே டிரைவர். கைநூலைத் தர நிறுவனம் மறுத்தால் என்ன செய்வது? லினக்ஸ் உலகம் பல ஆண்டுகள் பட்ட பாடு இதுதான்.

லினக்ஸில் நீண்டகாலம் படம் காட்டிவந்த எக்ஸ் விண்டோ என்னும் அமைப்பு 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பிறந்தது. 1991-இல் லினக்ஸ் தோன்றியபின், எக்ஸ்ஃப்ரீ86 என்ற பெயரில் அது சாதாரணக் கணிப்பொறிகளுக்கும் வந்தது. அந்நாளில் மானிட்டரின் அலைவெண்களைப் பயனரே கோப்பில் எழுத வேண்டும். தவறான எண்ணைக் கொடுத்தால் மானிட்டரே கெட்டுவிடலாம் என்று எச்சரிக்கை வேறு! மேலும், கெர்னல் எனப்படும் மைய நிரலைத் தாண்டி, எக்ஸ் தானே நேரடியாகச் சில்லைத் தொட்டுவந்தது. எக்ஸ் இடறி விழுந்தால் திரையை மீட்கக் கெர்னலுக்கு வழி தெரியாது.

2009 மார்ச்சில் வெளியான 2.6.29 என்ற கெர்னலில் இந்தப் பொறுப்பு, முதலில் இன்டெல் சில்லுகளுக்கு, கெர்னலின் கைக்கு மாறியது. இருண்ட திரைக்கு மருந்தாக இன்றும் சொல்லப்படும் ‘நோமோட்செட்’ என்ற சொல் இந்த மாற்றத்தோடு வந்ததுதான். ‘சில்லின் தனி டிரைவரை எழுப்பாதே, கணிப்பொறி விழிக்கும்போது கிடைத்த எளிய படத்தோடு நிறுத்திக்கொள்’ என்பதே அதன் பொருள். தொடக்கப் பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இச்சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும். மெதுவாகத்தான் வரும். இது முதலுதவி, சிகிச்சை அன்று.

இனிக் கைநூலுக்கு வருவோம். என்விடியா நிறுவனம் தன் சில்லுகளுக்கு மூடிய டிரைவரைத் தந்தது, கைநூலைத் தரவில்லை. ‘என்வி’ என்ற எளிய திறந்த டிரைவர் ஒன்றும் இருந்தது. ஆனால் அதன் மூலநிரலில் பெயர்கள் இருக்கவேண்டிய இடங்களில் வெறும் எண்களே இருந்தன. 2006-ஆம் ஆண்டளவில் ஸ்டெஃபான் மர்ஷசான் என்ற பிரெஞ்சுக்காரர் இதைச் சீர்திருத்த முனைந்தார். அவர் அரட்டையில் ‘என்வி’ என்று தட்டியபோது, அந்த மென்பொருள் அதை ‘நூவோ’ என்று தானே மாற்றியதாம். பிரெஞ்சில் ‘புதியது’ என்று பொருள்படும் அச்சொல்லே திட்டத்தின் பெயராயிற்று.

நூவோ குழுவினர் கையாண்ட முறை அழகானது. பூட்டிய வீட்டினுள் ஒருவர் சுவிட்சுகளைப் போட, வெளியே நிற்பவர் எந்தச் சன்னலில் வெளிச்சம் வருகிறது என்று குறித்துக்கொள்வதைப் போன்றது அது. மூடிய டிரைவரைக் கொண்டு ஒரு சிறு படத்தை வரையச் செய்வர். வரைவதற்கு முன்னும் பின்னும் பதிவகங்களில் உள்ள எண்களைப் படியெடுத்து ஒப்பிடுவர். எது மாறியதோ, அதற்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பு உண்டு. பல வகை அட்டைகளை வைத்திருந்த தன்னார்வலர்கள் இச்சோதனையைத் தம் வீட்டிலேயே செய்து முடிவுகளை அனுப்பினர். பிறகு எம்எம்ஐஓ-டிரேஸ் என்ற கருவியும் வந்தது. சில்லுக்குரிய நினைவகப் பகுதியை ‘இல்லை’ என்று அது குறித்து வைக்கும். மூடிய டிரைவர் அங்கே எழுதப் போனதும் தடுக்கி நிற்கும். கெர்னல் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வழிவிடும். இப்படி எண் எண்ணாகச் சேர்த்த அறிவு, 2010 பிப்ரவரியில் 2.6.33 கெர்னலில் நூவோவாக இடம்பெற்றது.

ஏஎம்டி நிறுவனம் 2007-இலேயே கைநூல்களை வெளியிட முன்வந்தது. என்விடியா அசையவில்லை. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் மடிக்கணிப்பொறி ஒன்றின் தொல்லையைப் பற்றி ஒருவர் கேட்டபோது, லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் நடுவிரலைக் காட்டி அந்நிறுவனத்தைத் திட்டியே விட்டார். 2014-இல் வந்த சில்லுகளோ, நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத உள்நிரலை ஏற்க மறுத்தன. சில்லின் வேகத்தை உயர்த்தும் சாவி அதனுள் அகப்பட்டுக்கொண்டது. ஆகவே நூவோவின் கீழ் அந்த அட்டைகள் விழித்தெழுந்த வேகத்திலேயே ஊர்ந்தன.

லினக்ஸ் தரப்பிலும் ஒரு பிடிவாதம் உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கெர்னலின் உள் இணைப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அவற்றை நிலைநிறுத்துவதாக வாக்குத் தர மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. கெர்னலுக்குள்ளேயே வாழும் டிரைவரைக் கெர்னலோடு சேர்த்தே திருத்திவிடுவர். வெளியே நிற்கும் டிரைவரை ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்ட வேண்டும். உங்கள் திரை நேற்றைய திருத்தத்துக்குப் பின் இருண்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: கெர்னல் புதியதாகிவிட்டது, டிரைவர் கட்டப்படவில்லை.

அப்படியா என்று அறிய, எழுத்துத் திரையில் எல்எஸ்பிசிஐ கட்டளையைச் சிறிய ‘கே’ குறியோடு கொடுங்கள். படச் சில்லின் கீழே, எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்ற வரி இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து நுழைந்து, டிரைவரை மறுபடி நிறுவுங்கள். நிறுவியும் ஏறாவிட்டால் செக்யூர் பூட் என்ற காவலைப் பாருங்கள். கையொப்பமில்லாத டிரைவரை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

2022 மே மாதத்தில் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. 2018-இல் வந்த டூரிங் வகைச் சில்லுகளுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே அது பொருந்தும். அவ்வகைச் சில்லுகளில் நிறுவனத்தின் உள்நிரலைக் கொண்டே வேகத்தை உயர்த்த, 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில் நூவோவும் வழிகண்டது. அந்த உள்நிரல் மட்டும் மூடியே கிடக்கிறது. 2014-க்கும் 2018-க்கும் இடையில் வந்த அட்டையை வைத்திருப்பவர் வேகம் வேண்டுமானால் மூடிய டிரைவரையே நாட வேண்டும்.