பத்து லட்சங்களும் ஒரு கேள்வியும்



உங்களில் சிலர் இன்று கல்லூரிகளுக்குக் கணினி வாங்கும் குழுக்களில் இருக்கிறீர்கள். வேகம் எவ்வளவு, மெமரி எவ்வளவு, விலை என்ன என்றுதான் முதலில் பார்க்கிறோம். இந்த அளவுகோலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1980 வாக்கில் பல்கலைக்கழகங்களில் ஒரு பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். கூட்டம் சேர்ந்தால் அது திணறும். ஆளுக்கொரு கணினி தரலாம் என்றால், அது எப்படி இருக்க வேண்டும்? அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டியும் அவருடைய சகாக்களும் ஓர் இலக்கணம் வகுத்தார்கள். ரெட்டி நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகள், பத்து லட்சம் எழுத்துகள் கொள்ளும் நினைவகம், பத்து லட்சம் புள்ளிகள் கொண்ட திரை. 'மூன்று எம்' என்று இதற்குப் பெயர். விலையும் பத்து லட்சம் சென்ட், அதாவது 10,000 டாலரைத் தாண்டக்கூடாது என்பார்கள். அன்று அங்கே ஏறக்குறைய ஒரு புதுக் காரின் விலை அது!

ஆனால் இயந்திரம் மட்டும் நன்றாக இருந்தால் போதுமா? விடுதியில் பாதி எழுதிய கட்டுரையை நூலகத்துக் கணினியில் தொடர முடியாவிட்டால் மாணவனுக்கு என்ன பயன்? 1982-இல் அதே பல்கலைக்கழகம் ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து 'ஆண்ட்ரூ' திட்டத்தைத் தொடங்கியது. அதன் கோப்பு அமைப்பை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சத்யநாராயணன், சென்னை ஐஐடியில் படித்தவர். மாணவனின் கோப்புகள் பொதுவான சேமிப்புக் கணினிகளில் இருக்கும். திறந்தால் அவன் அமர்ந்திருக்கும் கணினிக்குப் பிரதி வரும். திருத்தி மூடினால் மாற்றம் திரும்பிப் போய்ச் சேரும். 5,000-க்கும் மேற்பட்ட கணினிகளை இது தாங்க வேண்டும் என்பது இலக்கு.

மூன்று எம் கணினியை அளந்தது. ஆண்ட்ரூ மாணவனின் ஒரு நாளை அளந்தது. அன்றைய பத்து லட்சங்களை இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியே எங்கோ தாண்டிவிட்டது. எங்கே அமர்ந்தாலும் தன் வேலை தன்னிடம் வரவேண்டும் என்ற தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே விலைப்பட்டியல் வாங்குமுன் இதையும் கேளுங்கள்: இந்தக் கணினியை விட்டு எழுந்த மாணவன் நாளை வேறொன்றில் அமர்ந்தால், அவன் வேலை அவனுக்குக் கிடைக்குமா?