உதகை மலர்க் காட்சி வளர்ந்த வரலாறு

சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்களுக்குப் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு பூந்தோட்டத்திற்கும் சரித்திரம் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் பூங்காவில் ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் காட்சி நடைபெறுகிறது. சில நாட்களே நீடிக்கும் அக்காட்சிக்குப் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறும், ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாறு மாத உழைப்பும் மறைந்து நிற்கின்றன. அவ்விரண்டையும் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தோதவர்கள் எருமை மேய்த்து வாழ்ந்த இம்மலைக்கு, கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் வந்தார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியர் பலர் இங்கே குடியேறினர். ஊர் வளர்ந்தது, ஆனால் அவர்கள் விரும்பிய காய்கறிகள் நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, 1840-களின் நடுப்பகுதியில், ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, ஒரு காய்கறித் தோட்டத்தை அவர்கள் தொடங்கினர். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும் அதிலிருந்தே பொதுப் பூங்கா ஒன்று அமைக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. முட்டைக்கோசையும் உருளைக்கிழங்கையும் இன்று நாடெங்கும் அனுப்பும் நீலகிரியில், மலர்ப் பூங்காவின் மூலமே ஒரு காய்கறித் தோட்டம் என்பது பொருத்தந்தானே!

இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மக்கைவர் 1848-ஆம் ஆண்டில் உதகைக்கு வந்தார். அவர் கண்ட இடம் மேலே காடாகவும் கீழே சதுப்பாகவும் இருந்தது. சதுப்பின் நீரை வடித்து, சரிவைப் படிப்படியாகத் திருத்தி, பாதை வகுத்து, உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த மரஞ்செடிகளை நட்டுப் பூங்காவை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொய்னாவைத் தரும் சிங்கோனா மரத்தை 1860-க்குப் பின்னர் நீலகிரியில் பயிராக்கியவரும் இவரே. இன்று இப்பூங்கா ஏறத்தாழ 55 ஏக்கர் பரப்புடையது.

மலர்க் காட்சி முதன்முதலாக 1896-ஆம் ஆண்டில் நடைபெற்றது. சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்துவந்த காலம் அது. அந்நாளில் ஐரோப்பியக் குடும்பங்களின் கோடைப் பொழுதுபோக்காக இருந்த காட்சி, விடுதலைக்குப் பின் எல்லா மக்களுக்கும் உரிய விழாவாயிற்று. அதன் நூற்றாண்டு நினைவாக 1995-ஆம் ஆண்டில் உதகையில் ரோஜாப் பூங்கா அமைக்கப்பட்டது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சியும், கோத்தகிரியில் காய்கறிக் காட்சியும் அதே பருவத்தில் நடைபெறுகின்றன.

இனி, உழைப்பின் வரலாற்றைப் பார்ப்போம். உதகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். பனிக்கும் மழைக்கும் இடையிலுள்ள குறுகிய காலமே மலர்களுக்கு உரியது. ஆகையால் தோட்டக்காரர் மே மாதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். சால்வியா, பெட்டூனியா, பான்சி, சாமந்தி, டேலியா ஆகியவை விதைத்த நாளிலிருந்து பூப்பதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் ஒன்றுபோல் இராது. தாமதமாகப் பூப்பவற்றை முன்னும், விரைவில் பூப்பவற்றைப் பின்னும் விதைத்தால்தான் அனைத்தும் ஒரே வாரத்தில் மலரும்.

பெட்டூனியா விதை தூளினும் நுண்ணியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும். அதனை மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவி, முளைத்த பின் ஒவ்வொரு நாற்றையும் கையால் எடுத்து நட வேண்டும். அக்காலம் கடும் பனிக்காலம். விடியுமுன் புல்வெளி வெண்மையாக உறைந்திருக்கும், இளந்தளிர் கருகிவிடும். எனவே மாலையில் நாற்றுகளை மிலார்களால் மூடி, காலையில் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். செடி கிளைப்பதற்காக நுனியைக் கிள்ளி, காலத்திற்கு முந்திய மொட்டுகளையும் அகற்றுகின்றனர். அண்மை ஆண்டுகளில் இவ்வாறு பல இலட்சம் நாற்றுகள் நடப்பட்டு, 30,000-க்கும் மேற்பட்ட பூந்தொட்டிகள் மாடங்களில் அடுக்கப்படுகின்றன.

இவ்வுழைப்பின் இயல்பை 2020-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கொரோனா நோயால் பூங்கா மூடப்பட்டபோது செடிகள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தன. மே மாதத்தில் அவை குறித்தபடியே பூத்தன. பார்ப்பதற்கு மக்கள் இல்லை. மறு ஆண்டும் காட்சி நடைபெறவில்லை. அறுந்த தொடர் மீண்டும் இணைந்து, 124-ஆவது காட்சி 2022-ஆம் ஆண்டில் நடைபெற்றது. காட்சியை ஓர் ஆணையால் நிறுத்திவிடலாம். பாத்தியில் நிற்கும் நாற்றுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்த இயலுமோ?

மாணவ நண்பர்களே! சல்லிவன் பெயரையும் மக்கைவர் பெயரையும் நூல்கள் பொறித்து வைத்துள்ளன. சதுப்பில் இறங்கி மண் சுமந்தவர்கள், உறைபனியில் விரல் விறைக்க நாற்று நட்டவர்கள் ஆகியோரின் பெயர்களை எந்த நூலிலும் நான் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் கைபடாத பாத்தி அங்கே ஒன்றுமில்லை. இது யாருடைய உழைப்பு என்று கேட்கக் கற்பதும் சரித்திரக் கல்வியின் ஒரு பகுதியாகும். அடுத்த மே மாதத்தில் நீங்கள் உதகைக்குச் செல்ல நேர்ந்தால், மலர்களைக் கண்டு மகிழுங்கள். பாத்தியருகே குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவரிடம், இச்செடியை எப்போது விதைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத வரலாறு அவர் வாய்மொழியாக உங்களுக்குக் கிடைக்கும்.