காடு வாங்கிய கலெக்டர்

(பண்ணை ஒலிபரப்பில் வாசிக்கப்பட்ட உரை)



நம்ம திருப்பூர், பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் காடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் அது தோட்டம். மழையை நம்பிய மானாவாரி பூமி என்றால் அது காடு. "தெக்காலே நாலு ஏக்கர் காடு இருக்குதுங்க" என்று ஒருத்தர் சொன்னால், அதில் சோளமோ கொள்ளோ விதைத்திருப்பார், இல்லாவிட்டால் ஆடு மாடு மேயும். மலைமேல் உள்ள காடு வேறு விஷயம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சிலர் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

கிராமக் கூட்டங்களில் இப்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வருகிறது. பனியன் கம்பெனிக்கோ வீட்டு மனைக்கோ இரண்டு ஏக்கர் விற்ற பணம் கையில் இருக்கிறது. "கோத்தகிரிப் பக்கம் அஞ்சு ஏக்கர் சோலை விலைக்கு வருதாமுங்க. வாங்கிப் போட்டு, ஒரு சின்ன வீடு கட்டி, சித்திரை வெயிலுக்கு நாலு நாள் போய் இருந்துட்டு வரலாமுங்களா?" என்று கேட்கிறார்கள்.

ஆசையில் தப்பில்லை. இதே ஆசை 200 வருஷத்துக்கு முன்னால் நம்ம ஜில்லா கலெக்டருக்கே வந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கல் பங்களா

திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல்தான். அதற்கு முன்பு கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. நீலகிரி மலையும் அன்றைக்கு அதே கோயமுத்தூர் கலெக்டரின் ஆளுகையில்தான் இருந்தது. 1815-ல் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜான் சல்லிவன். 1818-ல் அவருடைய உதவியாளர்கள் விஷ், கின்டர்ஸ்லி என்ற இரண்டு பேர் மலை ஏறிவிட்டு வந்து, மேலே சீமை மாதிரியே குளிர் என்று சொன்னார்கள். அடுத்த வருஷம் ஜனவரியிலேயே சல்லிவன் துரை மலை ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கண்ணேரிமுக்கு என்ற இடத்தில் முதல் பங்களாவைக் கட்டினார். சிறுமுகையிலிருந்து மேலே போகப் பாதை போடும் வேலை 1821-ல் தொடங்கி 1823-ல் முடிந்தது.

அவர் மனசு அதோடு நிற்கவில்லை. இன்னும் மேலே, ஒத்தக்கல் மந்து என்ற இடத்தைப் பார்த்தார். மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. சுற்றிலும் புல்வெளி, பள்ளத்தில் சோலை, ஊற்றுத் தண்ணீர். அந்த நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று விலை பேசி வாங்கினார் என்பது வரலாறு. 1822-ல் அங்கே கல்லால் வீடு கட்ட ஆரம்பித்தார். மலை மக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். உருளைக்கிழங்கும் சீமைப் பழமரங்களும் வைத்தார். ஓடைகளை மறித்து ஏரி அமைத்தார். இன்றைக்கு நீங்கள் ஊட்டியில் படகு விடும் ஏரி அதுதான். கல் பங்களாவில் இப்போது அரசு கலைக்கல்லூரி நடக்கிறது.

விற்றவர் யார், வாங்கியவர் யார்?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தோடர்கள் ஏர் பூட்டுகிறவர்கள் அல்லர். எருமை வளர்த்துப் பால், வெண்ணெய், நெய்யில் வாழ்ந்தவர்கள். அந்த மலையில் வேளாண்மை செய்த படகர்கள் விளைச்சலில் ஒரு பங்கு தானியத்தைத் தோடர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். கோத்தர்கள் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்து கொடுத்தார்கள். அப்படியானால் அந்தப் புல்வெளி யாருடையது? எருமை மேய்ச்சல் தோடருடையது. பூமியில் மற்றவர்களுக்கும் ஏதோ ஒரு பாத்தியதை உண்டு. நம்ம ஊர் வாய்க்கால் முறை, வண்டித்தடம், பொதுக்கிணறு மாதிரிதான். பட்டாவில் இருக்காது, ஊருக்குத் தெரியும்.

கிரயத்தில் அதெல்லாம் வரவில்லை. விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், விலை ஒரு ரூபாய். வாங்கியவர் சாதாரண ஆளும் இல்லை, வரி போடுகிற கலெக்டர். பேரம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சல்லிவனைப் பற்றி நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் அரசாங்கம் தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமை மட்டும்தான் உண்டு என்றபோது, நிலமே அவர்களுடையது, எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று எதிர்த்து வாதாடியவர் அவர்தான். தோடருக்கு விற்கிற உரிமை இல்லை என்றால் அவர் வாங்கியதும் செல்லாது என்பது ஒரு பக்கம். ஆனாலும் வாதம் சரியான வாதம்.

உடம்புக்கு நல்ல இடம் என்றுதான் அவர் மலைக்குப் போனார். 1838-ல் அவருடைய மனைவியும் மகளும் இறந்து ஊட்டி மாதாகோயிலில் அடக்கமானார்கள். 1841-ல் அவர் சீமைக்குத் திரும்பிப் போய்விட்டார். வாங்கினவர் போய்விட்டார், வந்த மாறுதல் போகவில்லை.

ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒரு ஊர்

ஒரு துரை வீடு கட்டினால் பத்து துரைமார் வருவார்கள். வந்தார்கள். பட்டாளத்தில் நோய்ப்பட்டவர்கள் தேறுவதற்கு வந்தார்கள். 1870-லிருந்து சென்னை ராஜதானியே கோடையில் அங்கே போய் உட்கார்ந்தது. குளிருக்கு அடுப்பு எரிக்க வேண்டுமே? சோலை மரங்கள் விறகாகப் போயின. விறகுக்குப் பஞ்சம் வரும் என்று 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸையும் வேலமர வகைகளையும் கொண்டுவந்து நட்டார்கள். நாளடைவில் புல்வெளியெல்லாம் அந்த மரமாயிற்று. பிற்காலத்தில் அந்த யூகலிப்டஸ் மலை இறங்கிச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குத் துணி நூலாவதற்குப் போனது. ஆலைக் கழிவு பவானியைக் கெடுத்தது. ஆலையும் மூடிவிட்டது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தண்ணீர்தான் சம்பந்தம். மலைச் சோலை ஒரு நனைந்த பஞ்சு மாதிரி. பெய்த மழையை வேரிலும் மக்கிலும் பிடித்து வைத்து, மழை இல்லாத மாதத்தில் சொட்டுச் சொட்டாக விடும். புல்வெளியும் அப்படியே. ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கன் என்ற இடத்தில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு அளந்து பார்த்தார்கள். முதல் பத்து வருஷத்தில் ஓடைக்கு வரும் தண்ணீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. ஆறு மடை பாய வேண்டிய இடத்தில் ஒரு மடை காணோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓடைகள் மோயாறாகவும் பவானியாகவும் சேர்ந்து பவானிசாகருக்கு வருகின்றன. அணை 1955-ல் முடிந்தது. கீழ்பவானி ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். காங்கயம் பக்கத்து வயலும் அதில் அடக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குழாயில் வந்து திருப்பூர் ஜனங்கள் குடித்ததும் பவானித் தண்ணீர். 1932-ல் பைக்காராவில் மின்சாரம் எடுத்த பிறகுதானே நம் பக்கத்து மில்லும் ஓடியது, கிணற்று மேட்டில் மோட்டாரும் வந்தது? உடுமலை, பல்லடம்காரர்களுக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் ஆனைமலையிலிருந்து வருகிறது. ஆக, மலையில் ஒருவர் சோலையை வெட்டிப் புல்தரை போட்டால், கடைமடையில் இருக்கிற நாம்தான் முதலில் காய்வோம்.

இன்றைக்கு வாங்க நினைப்பவருக்கு

இத்தனை பட்ட பிறகு சர்க்கார் சட்டம் போட்டது. விலை மலிவு என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இவற்றை மனதில் வையுங்கள்.

ஒன்று: 1949-ம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். இதன் கீழ் வரும் காட்டை மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. மீறி எழுதிய கிரயம் செல்லாது. பத்திரம் பதிவாகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டு: 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. வீடு கட்டுவதற்கும் தனி அனுமதி வேண்டும்.

மூன்று: கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலம் என்று ஒரு வகை உண்டு. நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்தவை. 1969-ல் ஜென்மத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. வழக்குகள் பல்லாண்டுகள் நடந்தன. அந்தக் கோவிலகத்துக் குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவரே, கூடலூர்க் காடு வெட்டப்படுவதைப் பொறுக்காமல் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். காடு யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்று 1996 டிசம்பரில் கோர்ட் உத்தரவு போட்டது.

நான்கு: யானைத் தடம். மசினகுடி, சீகூர்ப் பக்கம் பணம் போட்டு நிலம் வாங்கி விடுதி கட்டினவர்கள் பலர். 2010-ல் அரசு யானை வழித்தடம் என்று அறிவித்தது. 2011-ல் உயர்நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. நடுவே 2018-லேயே பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். யானைக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது, வழி தெரியும்.

ஐந்து: அக்கம்பக்கத்து மலைவாசிகளைக் கேளுங்கள். ஊற்று யாருக்குப் போகிறது, தடம் எங்கே போகிறது, சாமி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வில்லங்கச் சான்றில் இது வராது.

விற்க நினைப்பவருக்கு

கடைசியாக ஒரு வார்த்தை. சல்லிவன் கதையில் வாங்குகிற இடத்தில் நாம் இருப்பதாகவே நினைக்கிறோம். நிஜத்தில் நம்மில் பலர் தோடர் இருந்த இடத்தில் இருக்கிறோம். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடும் மயிலம்பாடி ஆடும் அதில் பிழைக்கின்றன. விலைக்குக் கேட்டு வருகிறவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற பொட்டல். ஊட்டிப் புல்வெளியும் சல்லிவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

விற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கல்யாணம், கடன், படிப்பு என்று ஆயிரம் அவசரம் இருக்கும். ஆனால் விலை பேசுமுன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு எத்தனை மாசம் மேய்ச்சல், தீவனச் செலவில் எவ்வளவு மிச்சம், வெள்வேல் காயும் வேலி முள்ளும் எவ்வளவு, பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறும் தண்ணீர் எவ்வளவு. ஒரு ஏக்கராவது கொரங்காடாக நிறுத்தி, நாலு வேம்பு, நாலு வெள்வேல் கூட வைத்து வாருங்கள். சித்திரை மத்தியானம் கட்டிலைத் தூக்கிப் போட்டுப் படுக்க அதுவும் குளிர்ச்சியான இடம்தான். சர்க்கார் அனுமதியும் வேண்டாம், மலையும் ஏற வேண்டாம்.