பழைய காருக்கு யார் விலை போடுறது?

யாழ்ப்பாணத்தில வளர்ந்த எங்களுக்கு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் ஹயர் ஓடுற கார்கள், கலியாண வீட்டுக் கார்கள். வெளியில இருந்து வாற ஆக்கள் அதுகளைப் பார்த்திட்டு, யாழ்ப்பாணத்தாருக்குப் பழசில ஆசை எண்டு சொல்லுவினம். ஆசையும் இருக்கலாம். ஆனால் அந்தக் கார்களை அவ்வளவு காலம் ரோட்டில் வைத்திருந்ததில் அரசின் இறக்குமதிக் கொள்கைக்கும் போருக்கும்தான் பெரிய பங்கு.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியதும் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அது தளரவில்லை. புதுக் கார் வராத நாட்டில் ஓடுகிற கார் எல்லாமே பெறுமதியானதுதான். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து பூட்டினார்கள். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறக்க, ஜப்பான் கார்கள் வந்தன. தெற்கில் ஒஸ்ரின்கள் மெல்ல ஒதுங்கின. வடக்குக்கோ போரும், 1990இல் பொருளாதாரத் தடையும் வந்தன. பெற்றோல் இல்லை. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓடினார்கள். பழைய எஞ்சின்கள் அதையும் தாங்கின.

இந்தக் கதை எங்கட காலத்தில் திரும்பவும் நடந்தது. 2020 மார்ச்சில் டொலரைச் சேமிக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், நாலைந்து வருசம் ஓடின வாகன்ஆர் வாங்கின விலையை விடக் கூட விலைக்குப் போனது. கார் புதுசாகவில்லை. போட்டிக்கு வேறு கார் வரவில்லை, ரூபாவும் விழுந்தது.

வரியும் இப்படித்தான் வேலை செய்யுது. இறக்குமதியாகும் காருக்குச் சுங்க வரி, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரி, விலை கூடினால் ஆடம்பர வரி. சுங்க வரியையும் உற்பத்தி வரியையும் சேர்த்த தொகைக்கு மேல்தான் 18 சதவீத வற் வரி, அதாவது வரிக்கும் வரி. 660 சிசி, 1000 சிசி கார்கள் எங்கட ரோட்டில் நிறைந்ததுக்கு இதுவும் காரணம். பழைய காரைக் கைமாற்றும்போது இந்த வரிகளை நாங்கள் திரும்பக் கட்டுவதில்லை. ஆனால் புதுக் காரின் வரி கூடினால், முற்றத்தில் நிற்கிற பழைய காரின் விலையும் சேர்ந்து ஏறும். குறைந்தால் இறங்கும்.

மதிப்பீட்டாளர் செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், பதிவுப் புத்தகம், ஓடிய கிலோமீற்றர், அடிபட்டுத் திருத்திய இடங்கள் எல்லாம் பார்ப்பார். கடைசியில் எழுதுவது அன்றைய சந்தை விலையைத்தான். அந்தத் தொகையை வைத்துத்தான் லீசிங் தருவார்கள். கதவு மூடியிருந்த காலத்து உச்ச விலைக்கு ஐந்து வருச லீசிங் எடுத்தவரின் தவணை, கதவு திறந்து விலை இறங்கினாலும் இறங்காது. காப்புறுதியிலும் கவனம் வேணும். விலை ஏறின நேரம் பழைய தொகைக்கே காப்புறுதி செய்திருந்தால், கார் முற்றாகச் சேதமானாலும் அந்தத் தொகைக்கு மேல் கிடைக்காது.

"கார் எண்டால் காணி மாதிரி, விலை ஏறிக்கொண்டே போகும்" எண்டு வீட்டில பெரியாக்கள் சொல்லுவினம். அவை கண்டது மூடின கதவின் காலம். நாங்கள் லீசிங் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முதல், கதவு இப்ப எந்தப் பக்கம் அசையுது எண்டு பார்க்கவேணும்.