எழுத்தே அடித்தளம்: இடைக்காலப் பாரிஸில் மறைநூல் பயின்ற முறை

பாரிஸ் நகரின் மதிலுக்கு வெளியே, சேன் ஆற்றின் இடக்கரையில், ஷாம்போ ஊரினரான வில்லியம் என்னும் புகழ்பெற்ற ஆசிரியர் 1108இல் தம் பள்ளிப் பொறுப்பைத் துறந்து, மாணவர் சிலருடன் ஒதுங்கி வாழத் தொடங்கினார். அவ்விடம் ஐந்தே ஆண்டுகளில் அரசரின் கொடையும் பாதுகாப்பும் பெற்றுப் புனித விக்டர் மடமாக வளர்ந்தது. அங்கு வாழ்ந்தோர் உலகத் தொடர்பை முற்றாக அறுத்துக்கொண்ட துறவிகள் அல்லர். புனித அகஸ்தீனின் பெயரால் வழங்கிய ஒழுங்குவிதியை ஏற்று, உடைமைகளைப் பொதுவில் வைத்துக் கூடி வாழ்ந்த குருக்கள். காலந்தவறாத வழிபாடும் வெளி மாணவர்க்குத் திறந்திருந்த பள்ளியும் ஒரே வளாகத்தில் நடந்த அந்த மடத்தில்தான், கிறிஸ்தவ மறைநூலை எவ்வாறு கற்பது என்னும் வினாவுக்கு இடைக்கால ஐரோப்பா தந்த விடைகளுள் மிகத் தெளிவான ஒன்று உருப்பெற்றது. நூலின் சொல்லும் தொடரும் நேரடியாக உணர்த்தும் பொருளை அறியாதவர் அதன் ஆழ்பொருளைப் பேசும் தகுதியைப் பெறார் என்பதும், அந்த நேர்ப்பொருளை அறிந்தவர் எவராயினும் அவரிடம் கற்பதில் இழிவில்லை என்பதும் அவ்விடையின் இரு பகுதிகள்.

வினா பழையதே. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலும் பின்னர்ப் பாலஸ்தீனத்துச் செசரியாவிலும் கற்பித்த ஓரிகன், மனிதனுக்கு உடலும் உயிரும் ஆவியும் இருப்பதுபோல மறைநூலுக்கும் அடுக்கடுக்கான பொருள்கள் உண்டு என்றார். அந்தியோக்கியாவில் தோன்றிய மற்றொரு மரபு, அந்த அடுக்குகளைத் தேடும் ஆர்வத்தில் வரலாறு கரைந்துவிடக் கூடாது என்று எச்சரித்தது. மொப்சுவேஸ்தியாவின் ஆயரான தியோடர் அம்மரபின் தலையாய உரையாசிரியர். ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் இப்பொருள்களை நான்காக வகுத்து விளக்கினார். எருசலேம் என்ற பெயர் வரலாற்று முறையில் யூதர்களின் நகரத்தைக் குறிக்கும். உருவக முறையில், அதாவது ஒன்றைக் கூறி நம்பிக்கை சார்ந்த மற்றொன்றை உணர்த்தும் முறையில், திருச்சபையைக் குறிக்கும். ஒழுக்க முறையில் மனிதனின் ஆன்மாவைக் குறிக்கும். மறுமை முறையில் விண்ணகத்தைக் குறிக்கும். இந்த நான்கு வழிகளும் அடுத்த ஆயிரம் ஆண்டுக்கு மேற்கு ஐரோப்பிய மறைநூல் கல்வியின் அடிப்படை இலக்கணமாக நிலைத்தன.

துறவு மடங்களில் இம்முறை மெல்ல வாசித்து, மனத்தில் அசைபோட்டு, செபத்தில் நிறைவுறும் வாசிப்பாக வளர்ந்தது. யோபு நூலுக்குத் திருத்தந்தை கிரகோரியார் எழுதிய 35 பகுதிகள் கொண்ட பேருரை இவ்வாசிப்பின் கொடுமுடி எனலாம். எனினும் இதில் ஓர் இடரும் இருந்தது. ஆழ்பொருள் இனிமையானது, நேர்ப்பொருள் கடினமானது; ஆகவே இலக்கணத்தையும் வரலாற்றையும் தாண்டிக் குதித்து உருவகத்துக்கு விரையும் பழக்கம் மாணவரிடையே பரவியது. அத்தகைய வாசகர் நூலில் உள்ளதைக் காண்பதில்லை. தாம் ஏற்கெனவே அறிந்ததையே அதில் கண்டு மகிழ்வர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வியின் களம் மடங்களிலிருந்து நகரத்துப் பேராலயப் பள்ளிகளுக்கு நகர்ந்தபோது, முதலில் தேவைப்பட்டது முன்னோர் உரைகளின் ஒழுங்கான தொகுப்பு. வட பிரான்சின் லான் நகரில் கற்பித்து 1117இல் மறைந்த ஆன்செல்ம், அவருடைய தம்பி ரால்ஃப், அவர்களுடைய மாணவர்கள் ஆகியோரின் உழைப்பிலிருந்து 'குளோசா ஆர்டினாரியா' எனப்படும் பொதுவழக்கு உரை உருவாயிற்று. அதன் ஏட்டுப் பக்கம் ஒன்றே ஒரு முழுக் கல்விமுறையைக் காட்டும். பதப்படுத்திய தோல் ஏட்டின் நடுவில் மறைநூலின் வரிகள் பெரிய எழுத்தில் இடைவெளிவிட்டு நிற்கும். அவ்வரிகளுக்கு இடையே அருஞ்சொற்களுக்குரிய சிறு குறிப்புகள் நுண்ணிய எழுத்தில் அமையும். இருபுறமும் அகஸ்தீன், ஜெரோம், கிரகோரியார், பீடு முதலியோரின் விளக்கங்கள் சுருக்கமாக இடம்பெறும். நூற்றாண்டின் பிற்பாதியில் எழுத்தர்கள் பக்கம் முழுவதற்கும் ஒரே அளவில் கோடிட்டு, உரையை ஒவ்வொரு கோட்டிலும் மூலத்தை ஒன்றுவிட்ட கோட்டிலும் எழுதப் பழகினர். அதனால் உரை மிகுந்த இடத்தில் மூலத்தின் பத்தி ஒடுங்கவும், உரை குறைந்த இடத்தில் விரியவும் முடிந்தது. மாணவர் மூலத்தை வாசித்த அதே பார்வையில் பல நூற்றாண்டுகளின் விளக்கங்களையும் ஒப்பிட முடிந்ததால், முன்னோர் தம்முள் வேறுபடும் இடங்களும் அவர் கண்ணில் பட்டன.

இத்தகைய செல்வம் குவிந்த காலத்தில், அதைக் கையாளும் ஒழுங்கைக் கற்பித்தவர் புனித விக்டர் மடத்து ஹியூ. 1141இல் மறைந்த இவர், 1120களின் பிற்பகுதியில் 'டிடாஸ்காலிக்கோன்' என்னும் நூலை ஆறு பகுதிகளாக இயற்றினார். முதல் மூன்று பகுதிகள் இலக்கணம், அளவை, கணிதம் முதலிய கலைகளையும், பின் மூன்று பகுதிகள் மறைநூல் வாசிப்பையும் பேசுகின்றன. கலைகளுக்குப் பாதி நூலை ஒதுக்கியது தற்செயல் அன்று; மொழியும் எண்ணும் இயற்கையும் அறியாதவர் மறைநூலின் சொற்கள் சுட்டும் பொருள்களையே அறியமாட்டார் என்பது அவர் கொள்கை. சிங்கம் என்னும் சொல் ஒரு விலங்கைக் குறிக்கிறது, அந்த விலங்கே கிறிஸ்துவைக் குறிக்கிறது, ஆதலால் விலங்கின் இயல்பை அறியாதவர் ஆழ்பொருளுக்குப் போகும் வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார் என்று மற்றொரு நூலில் அவர் விளக்கினார்.

ஹியூ வகுத்த வாசிப்பு மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியில் மாணவர் வரலாற்றைக் கற்க வேண்டும். ஆள், நிகழ்ச்சி, காலம், இடம் ஆகிய நான்கையும் பிழையறத் தேர்ந்து நினைவில் நிறுத்த வேண்டும். அதற்கென அவர் குறித்த நூல்கள் தொடக்கநூல், விடுதலைப் பயணம், யோசுவா, நீதித்தலைவர்கள், அரசுகள், குறிப்பேடு, நான்கு நற்செய்திகள், திருத்தூதர் பணிகள் ஆகியன. இரண்டாம் படியான உருவகத்துக்கு வேறு நூல்களை வேறு வரிசையில் அமைத்து, அதில் புதிய ஏற்பாட்டைப் பழைய ஏற்பாட்டுக்கு முன்னே வைத்தார். வரலாறு காலத்தின் வரிசையைப் பின்பற்ற, உருவகம் அறிவின் வரிசையைப் பின்பற்றுகிறது என்பது அவர் தந்த காரணம். மூன்றாம் படி ஒழுக்கம். இம்மூன்றையும் அவர் கட்டடத்தோடு ஒப்பிட்டார்: வரலாறு மண்ணுக்குள் புதையும் அடித்தளம், உருவகம் அதன்மேல் எழும் சுவர், ஒழுக்கம் சுவருக்குத் தீட்டும் வண்ணம். அடித்தளத்துக் கற்கள் செதுக்கப்படாதவை, ஒழுங்கற்றவை. எனினும் மேலே உள்ள அனைத்தையும் தாங்குபவை அவையே.

கற்பித்தலின் நுட்பங்களிலும் ஹியூ கவனம் செலுத்தினார். 1130 அளவில் தொகுத்த 'குரோனிக்கான்' என்னும் நூலில், ஆட்சியாளர், இடம், ஆண்டு ஆகியவற்றை அட்டவணைகளாக அமைத்து மாணவர் மனப்பாடம் செய்வதற்குத் தந்தார். அதன் முன்னுரை 150 திருப்பாடல்களையும் எண்வரிசையில் மனத்தில் பதிக்கும் வழியைக் கூறுகிறது. எப்போதும் ஒரே ஏட்டுப் படியிலிருந்தே படிக்க வேண்டும், ஒரு தொடர் பக்கத்தின் மேலே உள்ளதா கீழே உள்ளதா, அதன் எழுத்து என்ன வடிவம், என்ன நிறம் என்பனவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் நினைவு சொல்லை மட்டுமன்றி அது நின்ற இடத்தையும் பற்றிக்கொள்ளும் என்று அவர் மாணவர்க்கு எடுத்துரைத்தார். பணிவைப் பற்றி அவர் தந்த அறிவுரை இவை அனைத்துக்கும் மேலானது: எந்த அறிவையும் எந்த நூலையும் இகழலாகாது, எவரிடமும் கற்க வெட்கப்படலாகாது, கற்றபின் பிறரைத் தாழ்வாக நோக்கலாகாது.

அடித்தளத்தின் மீதான இந்த மதிப்பை அவருடைய மரபினர் இருவர் இரு வேறு வழிகளில் முன்னெடுத்தனர். ஆழ்நிலைத் தியானம் பற்றிய நூல்களால் பெரிதும் அறியப்பட்டு, 1173இல் மறைந்த ரிச்சர்ட், எசேக்கியேல் இறைவாக்கினர் கண்ட கோவில் காட்சிக்கு உரை எழுதினார். அக்காட்சியில் வரும் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்றும், ஆகவே நேர்ப்பொருளில் கொள்ளத்தக்கவை அல்ல என்றும் கிரகோரியார் கருதியிருந்தார். ரிச்சர்டோ கட்டடம் மலைச்சரிவில் நிற்பதாகக் கொண்டு, அளவுகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, வாயில்களுக்கும் முற்றங்களுக்கும் தரைப்படங்களும் பக்கத்தோற்றப் படங்களும் வரைந்து, அக்கோவில் கட்டத்தக்கதே என்று காட்ட முயன்றார். திருத்தந்தை ஒருவர் விட்டுச்சென்ற இடத்தில் மேலும் ஆராய்வது அவமதிப்பாகாது என்று அவர் விளக்கியதிலிருந்து, மரபின் மீது கொண்ட மதிப்பும் ஆராய்ச்சித் துணிவும் அம்மடத்தில் ஒருங்கே வளர்ந்தமை புலனாகும்.

மற்றவர் ஆண்ட்ரூ. இங்கிலாந்தின் விக்மோர் மடத்துத் தலைவராகவும் பணியாற்றி 1175இல் மறைந்த இவர், பழைய ஏற்பாட்டு நூல்கள் பலவற்றுக்கு நேர்ப்பொருள் மட்டுமே கூறும் உரைகளை எழுதினார். அதற்கு வேண்டிய எபிரேய அறிவு எங்கிருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். வட பிரான்சின் யூதச் சமூகங்களில் அக்காலத்தில் ஒரு பெரும் உரைமரபு தழைத்தது. திரோயே நகரத்து ராஷி (1040-1105) நூலின் நேரிய பொருளைச் சூழலோடும் இலக்கணத்தோடும் விளக்கும் முறையை வளர்த்தார். அவருடைய பேரர் ரஷ்பாம் அம்முறையை இன்னும் கண்டிப்பாகக் கையாண்டார். ஆண்ட்ரூ யூத அறிஞர்களிடம் நேரில் கேட்டறிந்தவற்றை ஒளிவின்றித் தம் உரைகளில் பதிவு செய்தார். எசாயா நூலின் ஏழாம் அதிகாரத்தில் வரும் குழந்தைப் பிறப்பின் முன்னறிவிப்புக்கு யூதர் தரும் விளக்கத்தை வலுவான மறுப்பின்றி அவர் எடுத்துக்கூறியதால், ரிச்சர்ட் அவரைக் கண்டித்துத் தனிநூலே எழுதினார். எவரிடமும் கற்க வெட்கப்படலாகாது என்ற ஹியூவின் அறிவுரையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுசென்றவர் ஆண்ட்ரூ.

அடுத்த இரு தலைமுறைகளில் இக்கல்வி பாரிஸ் நகரத்துப் பள்ளிகளில் பரவி, அதற்குரிய கருவிகளைப் பெற்றது. பேதுரு கொமெஸ்டர் 1170 அளவில் விவிலிய வரலாறு முழுவதையும் தொடர்ச்சியாகச் சொல்லும் 'ஹிஸ்டோரியா ஸ்கொலாஸ்டிக்கா'வை எழுதினார். மறைநூல் பயிற்சி என்பது வாசிப்பு, விவாதம், மறையுரை ஆகிய மூன்றால் ஆனது என்று 1197இல் மறைந்த பேதுரு கேண்டர் வரையறுத்தார். பின்னாளில் கேண்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டன் பாரிஸில் கற்பித்த காலத்தில், 1200ஐ ஒட்டி அமைத்த அதிகாரப் பகுப்பு, சிறு மாற்றங்களுடன் இன்றைய விவிலியங்கள் அனைத்திலும் வாழ்கிறது. தமிழில் அதிகார எண் சொல்லி ஒரு பகுதியை எடுத்து வாசிப்பவரும் அந்த வகுப்பறை ஏற்பாட்டையே பயன்படுத்துகிறார். புதிய ஏற்பாட்டு வசனங்களுக்கு இன்றுள்ள எண்கள் 1551இல் அச்சகர் ராபர்ட் எஸ்தியேன் வெளியிட்ட பதிப்பிலிருந்தே வந்தன. அதற்கு மூன்று நூற்றாண்டு முன்பு, பாரிஸ் புனித யாக்கோபு மடத்து டொமினிக்கன் துறவிகள், ஷேர் ஊரினரான ஹியூவின் தலைமையில், விவிலியத்தின் முதல் ஒத்தவாக்கிய அகராதியை, அதாவது ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் அகரவரிசையில் காட்டும் தொகுப்பைச் செய்தபோது, ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறாகக் கருதி, ஏ முதல் ஜி வரையான எழுத்துகளால் இடத்தைச் சுட்டினர். நினைவையே நம்பியிருந்த கல்வி, தேடிக் காணும் கல்வியாக மாறியதன் அடையாளம் அது.

இதே நகரம் தான் பெற்ற கடனை மறுத்த வரலாறும் மறைக்கத்தக்கதன்று. யூதரின் தால்முது நூல் 1240இல் பாரிஸில் விசாரணைக்கு உள்ளாக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் 1242இல், அதன் கையெழுத்துப் படிகள் வண்டி வண்டியாகக் கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. 1306இல் அரசர் நான்காம் பிலிப் யூதர்களைப் பிரான்சிலிருந்தே வெளியேற்றினார். ஆண்ட்ரூ போன்றோர் ஐயம் கேட்டுத் தெளிந்த வாசல்கள் இவ்வாறு அடைக்கப்பட்டன. வியன் நகரில் 1311-12இல் கூடிய திருச்சங்கம் பாரிஸ், ஆக்ஸ்போர்டு முதலிய இடங்களில் எபிரேயம் கற்பிக்க ஆணையிட்டது. ஆனால் அம்மொழியை வாழ்ந்து காத்தவர்கள் அதற்குள் பாரிஸின் தெருக்களில் இல்லை.

அந்த வெறுமையிலும் மரபின் தொடர்ச்சியைக் காத்தவர் லைரா ஊரினரான நிக்கோலஸ் என்னும் பிரான்சிஸ்கன் துறவி. 1322க்கும் 1331க்கும் இடையே விவிலியம் முழுவதற்கும் நேர்ப்பொருள் உரை இயற்றிய இவர், ராஷியைப் பெயர் சொல்லி இடந்தோறும் பயன்படுத்தினார். யூதர்க்கு எதிரான வாத நூல்களையும் அவரே எழுதியிருப்பினும், ராஷியின் துணையின்றி அவருடைய உரை நிற்காது. 1471-72இல் ரோமில் அச்சேறிய அவ்வுரை, அச்சில் வந்த முதல் விவிலிய விரிவுரையாகி, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்களின் மேசைகளையும் அடைந்தது. நேர்ப்பொருளிலிருந்தே வாதங்களை நிறுவ வேண்டும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் வகுத்திருந்த நெறிக்கு, நூல் முழுவதையும் தழுவிய விளக்கமாக அது அமைந்தது.

ஹியூவின் விடையில் இருந்த இரு பகுதிகளுள் முதலாவது வெற்றி பெற்றது. அதிகார எண்ணும் ஒத்தவாக்கிய அகராதியும் வரலாற்று அட்டவணையும் மறைநூல் கல்வியின் பிரிக்க முடியாத கருவிகளாயின. இரண்டாம் பகுதி, அறிந்தவர் எவராயினும் அவரிடம் கற்கும் பணிவு, தனி அறிஞர் சிலரால் காக்கப்பட்டு, அதிகாரத்தில் இருந்தோரால் கைவிடப்பட்டது. கருவிகளைப் படியெடுத்துப் பரப்புவது எளிது. பணிவை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. மறைநூலைப் பயில முனைவோர் அதிகார எண்ணோடும் அகராதியோடும் சேர்த்துப் பாரிஸிலிருந்து பெற வேண்டிய பாடம் இதுவே: நூலின் மீது உண்மையான பக்தி உடையவர் அதன் எழுத்தைப் பொறுமையோடு ஆராய்வார், அவ்வெழுத்தைத் தமக்கு முன்பே காத்து விளக்கியவர்களைத் தம் ஆசிரியர்களாக மதிப்பார்.