தகரக் கப்பலுக்கு யார் சொந்தக்காரர்?

ஒரு சின்னத் தகரக் கப்பல். உள்ளே மெழுகுதிரி ஒன்று, அதற்கு மேல் தட்டையான ஒரு டப்பி, டப்பியிலிருந்து பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கும் இரண்டு குழாய்கள். குழாயில் தண்ணீரை நிரப்பித் திரியைக் கொளுத்தினால் கொஞ்ச நேரத்தில் 'பட் பட் பட்' எண்டு சத்தம் போட்டுக்கொண்டு வாளிக்குள் ஓடத் தொடங்கும். நேரில் பார்க்காதவர்கள் மியாசாகியின் 'போன்யோ' (2008) படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடியன்ட விளையாட்டுக் கப்பல் மந்திரத்தால் பெரிசாகி, ஆளையே ஏற்றிக்கொண்டு போகுமே, அதுதான்.

இது நீராவி எஞ்சின். உலகத்திலேயே எளிமையான நீராவி எஞ்சின் இதுதான் என்று சொன்னாலும் பிழையில்லை. டப்பிக்குள் தண்ணீர் ஆவியாகி விரியும்போது குழாய்க்குள் நிற்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. ஆவி குழாயின் குளிர்ந்த பக்கத்துக்கு வந்ததும் சுருங்கிவிடும். உடனே வெளித்தண்ணீர் உள்ளே ஏறும். திரும்பவும் கொதி, திரும்பவும் தள்ளு. அப்ப தள்ளுறதும் இழுக்கிறதும் சரிசமம்தானே, கப்பல் நின்ற இடத்திலயே ஆடிக்கொண்டல்லவா நிற்க வேணும்? இல்லை. வெளியே போகும் தண்ணீர் ஒரே கோட்டில் பீறிட்டுப் போகிறது. உள்ளே வரும் தண்ணீரோ எல்லாப் பக்கத்தாலும் வருகிறது. அந்த வித்தியாசத்தில்தான் கப்பல் ஓடுகிறது. சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை.

வரலாற்றுக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தவர் தோமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர், 1891இல் பிரித்தானியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் 1880ஆம் ஆண்டிலேயே ஒரு பிரெஞ்சு இதழில் இதுபோன்ற படகு பற்றிக் குறிப்பு வந்திருப்பதாக பாசில் ஹார்லி என்பவர் 1975இல் எழுதினார். அப்படியென்றால் பியோ கண்டுபிடித்தவரா, முதலில் பதிவுசெய்தவரா? அமெரிக்காவில் சார்ள்ஸ் மெக்ஹியூ 1915இல் விண்ணப்பித்தது டப்பியின் மேல்தகடு உப்பி அமுங்கும் வகைக்கு. அந்தப் 'பட் பட்' சத்தம் அந்தத் தகட்டின் சத்தம்தான். 1920இல் வில்லியம் பர்செல் என்பவர் டப்பியையே தூக்கி எறிந்துவிட்டார்: ஒரு குழாயைச் சுருளாகச் சுற்றி, சுருளுக்குக் கீழே நெருப்பு, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. மெக்ஹியூ 1926இல் தொழிற்சாலைக்குத் தோதான வடிவத்துக்குப் போனார். போல் ஜோன்ஸ் 1934இல் அச்சில் அடித்து எடுக்கும் தகட்டுத் துண்டுகளால் இன்னும் மலிவாக்கினார். தகடு வைத்த டப்பி கொம்பனிச் சாமான் ஆனது. சுருள் குழாய் வீட்டில் செய்கிறவர்களின் கைக்குப் போனது. இன்றைக்கும் யூடியூப்பில் பொடியன்கள் செய்து காட்டுவதில் பெரும்பாலானது அந்தச் சுருள்தான்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் பிஸ்டன் வைத்த 'உண்மையான' சின்ன எஞ்சின்களும் இருந்தன. 1920களில் போமன் கொம்பனி ஸ்பிரிட் விளக்கில் ஓடும் மரப் படகுகளை விற்றது. 1937இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய மமொட், படகுக்கென்றே எஞ்சின் செய்தது. இரண்டும் பாவித்தது ஊசலாடும் சிலிண்டரை. சிலிண்டர் ஆடும்போது அதன் துவாரம் ஆவி வரும் துவாரத்தோடு ஒருமுறை பொருந்தும், மறுமுறை வெளிவிடும் துவாரத்தோடு பொருந்தும். தனி வால்வு தேவையில்லை. எனக்குச் சுவாரசியமானது ஸ்டூவர்ட் டேர்னர். 1906இல் கொம்பனியான இவர்கள் முடித்த எஞ்சினை மட்டும் விற்கவில்லை. வார்ப்பிலிருந்து வந்தபடியே இரும்பு, வெண்கலத் துண்டுகளைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர் லேத் மெஷினில் கடைந்து, துளைத்துத் தானே எஞ்சினாக்க வேணும். காசு கொடுத்து வேலையை வாங்குறது!

அதாவது 'கையால் செய்தது' என்ற சொல்லுக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். வாங்க வசதியிருந்தும் ஆசைக்காகச் செய்தவர் ஒருவர். அவருக்கு லேத் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இருந்தது, 1898இலிருந்து 'மொடல் எஞ்சினியர்' என்ற சஞ்சிகைகூட இருந்தது. மற்றவர், கடையில் கிடைக்காததால் அல்லது பிழைப்புக்காகச் செய்தவர். இந்தியாவிலும் பங்களாதேஷிலும் தகரத்தை வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, கப்பல் செய்து விற்கிறவர்கள் இந்த இரண்டாவது வகை. அவர்கள் செய்வது கைவேலையும்தான், வியாபாரமும்தான். ஆனால் நீராவி எஞ்சின் வரலாறு எழுதுகிறவர்கள் முதலாமவரைக் 'கலைஞர்' என்கிறார்கள். இரண்டாமவரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

எங்கட கரைக்கு இது அந்நியமான கதை இல்லை. 1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கி வைத்திருந்தது. வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் கண்ணில் படுவதே அரிது. பால்மா டின்னும் சோடா மூடியும்தான் பிள்ளைகளுக்கு வண்டி. 1977இல் ஜே.ஆரின் திறந்த பொருளாதாரம் வந்தது. பிளாஸ்டிக்கும் பற்றரியும் பின்னால் வந்தன. அதே கதவு வழியாக வெளிநாட்டுத் துணியும் வந்து நாடு முழுக்கக் கைத்தறியை அடித்தது. மருதமுனைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் தறிக்கு ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது, 'மருதமுனைச் சாரன்' என்று கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. தகர வேலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. வாளியும் புனலும் குப்பி விளக்கும் செய்தவர்களை ஆரும் கைவினைஞர் என்று அழைத்ததில்லை.

சாமான்களும் மிஞ்சவில்லை. உப்புக்காற்றில் தகரம் எத்தனை வருஷம் நிற்கும்? துருப்பிடிக்காமல் அலுமாரிக்குள் கிடந்ததையும் 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனது. லண்டனில் ஒரு பழைய போமன் படகு ஏலத்தில் விலை போகும். கல்முனைக்குடியில் ஒரு தகரச் சாமானை வரலாற்றுச் சான்றாகக் காட்டு என்றால், நான் எதைக் கொண்டுவந்து காட்டுவது?

ஆகவே ஆட்களிடம்தான் போக வேணும். அறுபது, எழுபது வயதில், ஈயம் ஒட்டத் தெரிந்தவர்கள் இன்னும் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். போன லீவில் தொடங்கினேன். இப்ப ரெண்டு பேரின் குரல் என் போனில் கிடக்கு. காப்புரிமை, கண்டுபிடிப்பு பற்றியெல்லாம் கேட்கவில்லை. 'மூத்தாப்பா, தகரம் எங்க வாங்கினீங்க, ஈயம் என்ன விலை, இந்த வேலையை ஆர் பழக்கினது?' இந்த மூன்று கேள்விதான். மூன்றாவதற்கு இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஆரும் பழக்கல்ல, பாத்துப் பழகினது.