எள்ளலுக்கு உள்ளான மேலங்கி: எவரெஸ்ட், 1922

மலையேற்ற வரலாறு உயரங்களால் எழுதப்படுகிறது. தையல்களுக்கு அதில் இடமில்லை. 1922ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்தில் ஒரு மேலங்கிக்கு நேர்ந்தது இதற்கு நல்ல சான்று.

அந்த அணியினர் பெரும்பாலும் பட்டு, பருத்தி, கம்பளி ஆடைகளை அடுக்கடுக்காக உடுத்தி, மேலே காற்றுத்தடுப்புத் துணியையோ தடித்த கம்பளிக் கோட்டையோ அணிந்தனர். ஆங்கிலக் கனவான்களின் வேட்டை உடையிலிருந்து வளர்ந்த மரபு அது. ஆஸ்திரேலியாவில் பிறந்து சூரிச்சில் பயின்ற வேதியியலாளர் ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச் மட்டும் அம்மரபை ஏற்கவில்லை. பலூன் செய்யப் பயன்படும் காற்றுப்புகாத் துணியை எடுத்து, அதனுள் ஈடர் வாத்தின் தூவியை நிரப்பி, மெத்தைபோல் தைத்த மேலங்கி ஒன்றைத் தமக்கென உருவாக்கிக்கொண்டார். உடன் சென்றோர் முதலில் நகைத்தனர்.

அதன் தத்துவம் எளியது. உடலைக் காப்பது துணியன்று. துணிக்குள் அசையாது நிற்கும் காற்று. தூவி மிகக் குறைந்த எடையில் மிகுதியான காற்றைச் சிறைப்படுத்துகிறது. பலூன் துணி அக்காற்றை வெளிக்காற்று கலைத்துவிடாமல் தடுக்கிறது. மெத்தைத் தையல் தூவி ஓரிடத்தில் திரண்டுவிடாமல் பகுத்து நிறுத்துகிறது.

மே மாத இறுதியில் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூசும் கூர்க்கா வீரர் தேஜ்பீரும் ஏறத்தாழ 25,500 அடி உயரத்தில், புயலுக்கிடையே, சிறு கூடாரமொன்றில் இரண்டு இரவுகளைக் கழித்தனர். மே 27 அன்று தேஜ்பீர் வழியில் திரும்ப நேர்ந்தது; மற்ற இருவரும் சுமார் 27,300 அடியை எட்டினர். அதுவரை மனிதர் ஏறியதில் அதுவே உச்சம். அச்சாதனையில் ஆக்சிஜனுக்கே பெரும்பங்கு உண்டு. ஆக்சிஜன் பயன்பாடு அறமா என்று நெடுங்காலம் வாதிட்டனர். மேலங்கியைப் பற்றி எவரும் வாதிடவில்லை.

நிர்வாகக் குழுவுடன் ஏற்பட்ட பூசலால் 1924 பயணத்தில் ஃபின்ச் இடம்பெறவில்லை. அப்பயணத்தில் மாண்ட மேலரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது, அதன்மேல் பட்டும் பருத்தியும் கம்பளியும் காற்றுத்தடுப்புத் துணியும் இருந்தன, தூவி இல்லை. அவ்வாடைகளின் படிகளைப் பின்னாளில் தைத்து உடுத்திப் பார்த்தவர்கள், அவை நடமாட்டத்தின்போது போதிய கதகதப்பைத் தந்ததாகவே கண்டனர். ஆகவே பழைய உடையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது இயங்கும் உடலுக்கான உடை. ஃபின்ச் எண்ணியதோ இயக்கம் நின்றுபோன உடலை, இரவையும் புயலையும் காத்திருத்தலையும்.

1936இல் அமெரிக்காவில் எடி பாயர் தூவிச் சட்டையை விற்பனைப் பொருளாக்கினார். 1953இல் எவரெஸ்ட் உச்சியை எட்டிய அணியிடம் தூவி ஆடைகள் இருந்தன. அவ்வாண்டு ஃபின்ச் இந்தியாவில், புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

கருவிகளை அறிவியல் என்றும் உடைகளை வெறும் பழக்கம் என்றும் பிரிக்கும் வரலாற்றெழுத்து, ஒரே வேதியியலாளர் முன்னிறுத்திய இரு புதுமைகளில் ஒன்றை மட்டுமே விவாதித்தது. விவாதிக்கப்படாத அந்த மற்றொன்றை இன்று உயர்மலை ஏறும் ஏறக்குறைய அனைவரும் உடுத்திச் செல்கின்றனர்.